ஆயுள் கைதியின் கேஸ் கட்டை எடுத்திருக்கும் உனக்கு

கண்ணு,

உன் சீனியர் ஓர் ஆயுள் கைதியின் மேல்முறையீட்டுக் கட்டை உன்னிடம் கொடுத்து, ‘இதை நீயே பாரம்மா’ என்று சொல்லிவிட்டாராம். உன் அப்பா போனில் சொன்னான். குரலில் பாதி பெருமை, பாதி பயம். தண்டனை ஆகி உள்ளே போய்விட்ட ஒருவருக்காக வாதாடுவது புது வழக்கு நடத்துவதைப் போன்றதில்லை. ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது, பத்திரிகை எழுதி முடித்துவிட்டது, நீதிபதி கையெழுத்துப் போட்டுவிட்டார். எல்லாம் முடிந்த இடத்தில் நீ போய் நிற்கிறாய். கோர்ட்டுப் படி ஏற இப்போது பெரியப்பாவின் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. எழுதக் கை வருகிறது. தோன்றிய வரிசையில் எழுதியிருக்கிறேன். எண் போட்டது நீ பிறகு தேடி எடுப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

1. தீர்ப்பைக் கடைசியில் படி. எல்லோரும் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள். நன்றாக எழுதிய தீர்ப்பென்றால் ஐம்பதாவது பக்கத்துக்குள் நீயே தலையாட்ட ஆரம்பித்துவிடுவாய். பிறகு சாட்சியத்தை எந்தக் கண்ணால் படிப்பாய்? எஃப்.ஐ.ஆரில் தொடங்கு. அதைப் பதிவு செய்த நேரம் முதல் பக்கத்தில் இருக்கும். மாஜிஸ்திரேட் கைக்கு அது எப்போது வந்தது என்பது ஓரத்தில், சின்ன எழுத்தில், இனிஷியலோடு இருக்கும். ஸ்டேஷனிலிருந்து மாஜிஸ்திரேட் வீடு நடந்து போகிற தூரம்தான் இருக்கும். தாள் போய்ச்சேர ஒரு ராத்திரி ஆகியிருக்கும். அந்த ராத்திரியில் யார் யார் பெயர் உள்ளே ஏறியது என்று யோசி. அதற்குப் பிறகு பிரேத விசாரணை அறிக்கை, மகஜர்கள், டாக்டர் சாட்சியம், குறுக்கு விசாரணை, கைதியிடம் நீதிபதி கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதிலும். பழைய சட்டப்படி நாங்கள் அதை 313-ஆம் பிரிவு என்போம். 2024-இல் வந்த உன் புதுச் சட்டத்தில் 351.

ஜெராக்ஸை நம்பி உட்காராதே. கோர்ட்டு ரெக்கார்டில் மூலத்தைப் பார்க்க மனுப் போடு. நகலில் ஒரே கறுப்பாகத் தெரியும் இரண்டு கையெழுத்து, மூலத்தில் ஒன்று நீல மை, ஒன்று பச்சை மை என்று இருக்கும். 7 என்ற தேதி ஒரு காலத்தில் 1 ஆக இருந்ததும் அங்கேதான் தெரியும்.

2. கைதி சொல்வதை முழுசாகக் கேள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒரு விவசாயி. ஊரும் பெயரும் வேண்டாம். கொலை வழக்கு, ஆயுள் தண்டனை. அவர் காட்டிக்கொடுத்து வாய்க்கால் கரைப் புதரிலிருந்து அரிவாளை எடுத்தோம் என்பது போலீஸ் தரப்பு. மகஜரில் சாட்சிக் கையெழுத்து கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) ஒருவருடையது. அரசு ஊழியரே கையெழுத்துப் போட்டிருக்கிறார், இதற்குமேல் என்ன வேண்டும் என்று விசாரணைக் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. சிறையில் மனு பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த விவசாயி, ‘அன்னிக்கு ஜமாபந்திங்க’ என்று ஒரே வரியைச் சொல்வார். வலைக்கு அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும் இடம் அது. காதில் விழும், மனதில் ஏறாது.

அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒரு ஜூனியர் பெண், உன் வயதுதான், ‘ஜமாபந்தி என்றால் வி.ஏ.ஓ. தாலுகா ஆபீசில் இருந்தாக வேண்டுமே சார்’ என்றாள். ஜமாபந்தி என்பது தாலுகா ஆபீசில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வது; அவள் அப்பா கிராமக் கணக்கு எழுதியவர். தகவல் உரிமைச் சட்டத்தில் ஜமாபந்திப் பதிவேட்டின் நகல் வாங்கினோம். காலை பதினொரு மணிக்கு வாய்க்கால் கரையில் நின்று கையெழுத்துப் போட்டதாகச் சொல்லப்பட்டவர், அதே காலையில் அடங்கலையும் சிட்டாவையும் அடுக்கிக்கொண்டு தாலுகா ஆபீசில் உட்கார்ந்திருந்தார். மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியம் சேர்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, சேர்த்தோம். அரிவாள் வழக்கிலிருந்து கழன்றது. அதற்குப் பின் நிற்க வேறெதுவும் இல்லாததால் வழக்கும் விழுந்தது.

அந்த விவசாயிக்குச் சட்டம் தெரியாது. எந்த நாளில் எந்த ஊரில் சந்தை, எப்போது கரண்ட் போகும், எந்த மழைக்கு எந்தப் பாதை சேறாகும் என்று தெரியும். அதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டால் இரண்டாம் தடவை சொல்ல மாட்டார்கள்.

3. ‘அவர் உண்மையிலேயே செய்யவில்லையா பெரியப்பா?’ என்று நீ என்னைக் கேட்பாய். உன் தோழிகள் உன்னைக் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லப் பழகு. செய்தார் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டினார்களா என்பதுதான் உன் கேள்வி. கட்சிக்காரர் நல்லவராக இருந்தால்தான் உனக்கு வேகம் வரும் என்றால், கெட்ட குணமுள்ள ஒருவர் தப்பான தண்டனையில் இருக்கும்போது நீ அவருக்கு உபயோகப்பட மாட்டாய். சிடுசிடுப்பவர்களும், உன்னையே திட்டுகிறவர்களும், பத்து விஷயத்தில் எட்டைப் பொய் சொல்பவர்களும் உள்ளே இருக்கிறார்கள். மீதி இரண்டைத் தேடு.

4. ஒப்புதல் வாக்குமூலம் என்று எங்கே பார்த்தாலும் பென்சிலை எடுத்துக்கொள். எத்தனை மணி நேரம் வைத்திருந்தார்கள், எந்த மொழியில் பேசினார், எந்த மொழியில் எழுதினார்கள், எழுதியவர் யார், வக்கீல் யாராவது பக்கத்தில் இருந்தாரா. இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்வரை அடுத்த பக்கத்துக்குப் போகாதே.

இரண்டு பேர் கதையைச் சொல்கிறேன். ஒருவர் ஜப்பானின் இவாவோ ஹகமடா. குத்துச்சண்டை வீரராக இருந்து, ஷிசுவோகா மாவட்டத்தில் மிசோ தயாரிக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். 1966 ஜூன் கடைசி நாளில் அந்தக் கம்பெனி நிர்வாகி, மனைவி, இரண்டு பிள்ளைகள் நான்கு பேரும் கொல்லப்பட்டு வீடு எரிந்துகிடந்தது. ஆகஸ்டில் ஹகமடாவைப் பிடித்தார்கள். ஒரு நாளைக்குச் சராசரி பன்னிரண்டு மணி நேர விசாரணை. ஏறக்குறைய மூன்று வாரம் தாங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். கோர்ட்டில் அதை மறுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, கொலை நடந்து ஓராண்டுக்கும் மேல் ஆன பிறகு, மிசோ தொட்டிக்குள்ளிருந்து ரத்தக்கறை படிந்த ஐந்து துணிகள் கிடைத்தன. 1968-இல் மரண தண்டனை. மேல்முறையீட்டில் அந்தத் துணிகளில் இருந்த காற்சட்டையைப் போட்டுக் காட்டச் சொன்னபோது தொடைக்கு மேல் ஏறவில்லை. ஆனாலும் 1980-இல் தண்டனை உறுதியானது.

இன்னொருவர் நம் ஜோலார்பேட்டைப் பேரறிவாளன். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூன் 11-இல் சென்னையில் பிடிபட்டபோது வயது 19. குண்டுக்குப் பயன்பட்ட 9 வோல்ட் பேட்டரிகள் இரண்டை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மேல் சொன்ன முக்கியக் குற்றம். சாதாரணச் சட்டப்படி போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அப்போதிருந்த தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் எஸ்.பி. பதிவு செய்தால் செல்லும் என்றிருந்தது. 1998 ஜனவரி 28-இல் பூந்தமல்லி தனிக் கோர்ட்டு 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே 11-இல் உச்ச நீதிமன்றம் 19 பேரை வெளியே விட்டது. மூவருக்கு ஆயுள், நால்வருக்குத் தூக்கு. தடா குற்றம் இதில் பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் தடாவில் எழுதிய வாக்குமூலத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றது. சட்டக் கல்லூரியில் இதை உனக்கு எப்படி விளக்கினார்களோ தெரியவில்லை. எனக்கு இன்றுவரை தொண்டையில் இறங்கவில்லை.

2013-இல், அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. எஸ்.பி. தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு, வெளிப்படையாகப் பேசினார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். பிறகு அதை உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் கொடுத்தார். ஒரு வாக்கியம், கண்ணு. எழுதியதில் தப்பில்லாமல் இருக்கலாம். எழுதாமல் விட்ட வாக்கியத்தில் ஓர் ஆயுள் போகும். வாக்குமூலத்தைப் படிக்கும்போது அது எங்கே சட்டென்று தாவுகிறது என்று பார்.

5. தாய்மார்களுக்கு வாக்குக் கொடுக்காதே. விசாரித்துவிட்டு நாளைக் காலையில் அனுப்பிவிடுகிறோம் என்று சொல்லித்தான் பேரறிவாளனின் அம்மா அற்புதம்மாளிடமிருந்து மகனை அழைத்துப் போனார்கள். அந்தக் ‘காலை’யைத் தேடி முப்பத்தொரு வருஷம் அலைந்தார் அந்த அம்மா. தோளில் ஒரு பை, அதில் தாள்கள், வேலூர், புழல் சிறைகளுக்குப் பஸ் மாற்றி மாற்றி, ஊர் ஊராகக் கூட்டங்கள். கட்சி பார்க்காமல் எல்லோர் வாசலிலும் போய் நின்றார். மேடைப் பேச்சுக் கற்றவர் இல்லை. மகனைப் பற்றி எப்போதும் ஒரே மாதிரி பேசினார். நேற்றுச் சொன்னதற்கும் இன்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்காது. அதனால்தான் எதிர்க்கருத்து உள்ளவர்கள்கூட அவரை உட்காரவைத்துக் கேட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அப்படி ஒரு தாய் உன் அலுவலக வாசலில் வந்து உட்கார்வார். ‘அடுத்த வாய்தாவில் வந்துருவானாம்மா?’ என்பார். ‘வந்துடுவார்மா’ என்று வாய் நுனிவரை வரும். சொல்லாதே. இன்று என்ன மனுப் போட்டோம், அது எங்கே நிற்கிறது, எதிர்த் தரப்பு என்ன சொல்லலாம் என்று அவருக்குப் புரிகிற தமிழில் சொல். எங்கள் தொழிலில் ஆறுதல் சொல்வதாக நினைத்துப் பொய் சொன்னவர்கள் ஏராளம். அந்தப் பொய்யை நம்பி அந்த அம்மா நகையை அடகு வைப்பார், ஊரில் தேதி சொல்வார், தேதி தப்பியதும் ஊர் முன்னால் குனிந்து நிற்பார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்.

6. காலக்கெடு. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 60 நாள். தவறினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு, அதற்கு ஒரு காரணம், அந்தக் காரணத்துக்கு ஓர் எதிர்ப்பு. சிறையில் இருப்பவருக்குச் சட்ட உதவி உரிமை உண்டு. ஏழையா என்று வருமானச் சான்று கேட்கத் தேவையில்லை, காவலில் இருந்தாலே போதும். இதை உள்ளே பலரும் அறிய மாட்டார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் பக்கத்தில் நிற்பவரிடமும் சொல்லிவிட்டு வா.

7. விடுதலை என்பது ஒன்று. தண்டித்த தீர்ப்பை நீக்குவது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே, கட்சிக்காரரையும் குழப்பாதே. பல பெரிய வக்கீல்களே மேடையில் இதைக் கலந்து பேசிக் கேட்டிருக்கிறேன்.

பேரறிவாளன் வெளியே வந்தாரே, அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு போய்விட்டதா? போகவில்லை. அவர் போன பாதையைப் பார். குடியரசுத் தலைவருக்குப் போட்ட கருணை மனு பதினோரு வருஷம் முடிவில்லாமல் கிடந்து 2011-இல் நிராகரிக்கப்பட்டது. செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாளும் குறித்தார்கள். அந்த ஆகஸ்டு கடைசியில் காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து இறந்தாள். இரண்டு நாள் கழித்து, 30-ஆம் தேதி, சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அன்றே சட்டமன்றத்திலும் தீர்மானம். 2014 பிப்ரவரி 18-இல், கருணை மனுவை அத்தனை காலம் இழுத்தடித்த காரணத்தால் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை ஏழு பேரையும் விடச் சொல்லி ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. அது இரண்டு வருஷத்துக்கு மேல் அசையவில்லை. கடைசியில் 2022 மே 18-இல், அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றமே அவரை விடுவித்தது. தாமதம், ஆளுநரின் அதிகாரம், சிறை நடத்தை, உடல்நிலை, படிப்பு. எல்லாம் பேசப்பட்டது. தியாகராஜன் சொன்னதை வைத்து 1999 தீர்ப்பையே திரும்பப் பெறக் கேட்ட மனு மட்டும் 2018-லேயே தள்ளுபடி ஆகிவிட்டது.

ஹகமடாவுக்கு இன்னொரு பாதை. கருணை கேட்டு அல்ல, மறுவிசாரணை கேட்டு 1981-இல் மனுப் போட்டார்கள். அது 2008-இல் தள்ளுபடி. அக்கா ஹிடேகோ இரண்டாவது மனுப் போட்டார். இந்தத் தடவை அரசுத் தரப்பு தன் அலமாரியில் வைத்திருந்த சுமார் 600 ஆவணங்களை வெளியே எடுக்க வேண்டி வந்தது. துணிகளின் வண்ணப் படங்களில் ரத்தக்கறை சிவப்பாகத் தெரிந்தது. ஓராண்டுக்கு மேல் மிசோவில் ஊறிய கறை சிவப்பாக இருக்குமா? ஆதரவாளர்கள் தாங்களே துணியில் ரத்தம் தோய்த்து மிசோவில் ஊறப்போட்டுப் பார்த்தார்கள். கறை கறுத்துப் போனது. இதைச் செய்தவர்கள் பெரிய விஞ்ஞானிகள் இல்லை. பொறுமையுள்ள சாதாரண மனிதர்கள். 2014 மார்ச்சில் மறுவிசாரணைக்கு உத்தரவாகி அன்றே அவர் வெளியே வந்தார். 2018-இல் மேல் கோர்ட்டு அதை ரத்து செய்தது, 2020-இல் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது, 2023-இல் மறுபடி உத்தரவு. 2024 செப்டம்பர் 26-இல் குற்றமற்றவர் என்று தீர்ப்பு. துணிகளை வைத்தது புலனாய்வுத் தரப்புதான் என்று நீதிபதி சொன்னார். இத்தனை காலம் ஆனதற்கு வருத்தமும் தெரிவித்தார். அப்போது ஹகமடாவுக்கு 88, ஹிடேகோவுக்கு 91.

ஆகவே உன் கட்சிக்காரரிடம் முதல் மாதத்திலேயே கேள்: ‘வீட்டுக்குப் போனால் போதுமா, பெயரும் திரும்ப வேண்டுமா?’ இரண்டுமே வேண்டும் என்பார். எதற்காக எதை விட வேண்டி வரலாம் என்று எடுத்துச் சொல். கருணை மனுவிலும் முன்விடுதலை மனுவிலும் ‘செய்துவிட்டேன், வருந்துகிறேன்’ என்று ஒரு வரி எழுதச் சொல்லி அனுபவசாலிகள் யோசனை சொல்வார்கள். அந்த வரி இருபது வருஷம் கழித்து இன்னொரு கோர்ட்டில் அவர் முகத்திலேயே வந்து விழும். எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான், நீயல்ல. ஆனால் அந்த வரியின் விலை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

8. இறந்தவர்களை மறக்காதே. ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தியோடு காவலர்களும் கட்சித் தொண்டர்களும் செத்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் வளர்ந்து பெரியவர்களாகி நிற்கிறார்கள். ஹகமடா குற்றமற்றவர் என்று தீர்ப்பான அன்று, அந்த நான்கு பேரைக் கொன்றது யார் என்ற கேள்வி பதிலில்லாமல் அப்படியே நின்றது. உன் வாதத்தில் இறந்தவரைப் பற்றி இளக்காரமான ஒரு சொல் வரக்கூடாது. கோர்ட்டு வராந்தாவில் அவர்கள் குடும்பம் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடு. அவர்கள் உன்னைத் திட்டினால் வாங்கிக்கொள். தப்பான ஆளைத் தண்டித்தால் அவர்களுக்கும் நீதி கிடைக்கவில்லை என்பதை அவர்களிடம் நீ போய் விளக்கிக்கொண்டிருக்காதே. அதைக் கேட்கிற இடத்தில் அவர்கள் இல்லை.

9. நீதிபதிகள் மேல் கோபம் வரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று உன் பாட்டி சொல்வாள், அதை மனுவில் எழுதும்போது நினைத்துக்கொள். நீதிபதிகளும் மனிதர்கள்தான், சில சமயம் நம்மைவிட அதிகமாகத் தூக்கம் கெட்டவர்கள். ஹகமடாவுக்குத் தூக்கு விதித்த மூவரில் ஒருவரான நோரிமிச்சி குமாமோட்டோ, அவர் நிரபராதி என்றே தான் நினைத்ததாகவும் மற்ற இருவர் பக்கம் பெரும்பான்மை போனதாகவும் 2007-இல் வெளியே சொன்னார். தீர்ப்பு வந்து சில மாதங்களிலேயே பதவியை விட்டிருந்தார். பேரறிவாளன் வழக்கில் 1999 அமர்வுக்குத் தலைமை வகித்த நீதிபதி கே.டி. தாமஸ் பின்னாளில் இந்தக் கைதிகளுக்குக் கருணை காட்டச் சொல்லிப் பேசினார். நம் உச்ச நீதிமன்றமும் தன் தீர்ப்பைத் தானே மாற்றியிருக்கிறது: மகாராஷ்டிராவில் ஆறு பேருக்கும் தூக்குதான் என்று 2009-இல் தீர்ப்பளித்துவிட்டு, 2019 மார்ச்சில் அதே ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விட்டது. முக்கியச் சாட்சி முதலில் போலீஸ் படங்களில் வேறு நால்வரைக் காட்டியிருந்தார் என்பது அத்தனை நாளும் ரெக்கார்டிலேயே கிடந்தது. திரும்ப ஒரு தடவை படிக்க ஒரு நீதிபதிக்கு மனம் வர வேண்டுமானால், உன் மனு அவரைக் குத்தாமல் காட்ட வேண்டும்.

10. உள்ளே இருப்பவரைப் படிக்கச் சொல், ஆனால் படித்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லாதே. பேரறிவாளன் சிறையிலிருந்தே பிளஸ் டூ எழுதி 1200-க்கு 1096 வாங்கினார், பி.சி.ஏ., எம்.சி.ஏ. முடித்தார், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு மேல் மனுப் போட்டு, வக்கீல்களுக்கே கிடைக்காத தாள்களை வரவழைத்தார். 2022 தீர்ப்பில் அந்தப் படிப்பும் கணக்கில் வந்தது. நல்லது. ஆனால் ஹகமடாவால் அது முடியவில்லை. ஜப்பானில் தூக்கு எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. அன்று காலையில்தான் சொல்வார்கள். ஒவ்வொரு காலையும் காலடிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே இருந்த மனிதருக்குப் புத்தி கலங்கிவிட்டது. சில வருஷம் அக்காவையே பார்க்க மறுத்தார். ஹிடேகோ போவதை நிறுத்தவில்லை. ‘வந்துபோனார்’ என்று தம்பி காதில் விழுந்தால் போதும் என்று போய்த் திரும்பி வந்தார். பட்டம் வாங்கிய கைதிக்கு ஊர் இரங்கும். உன் கட்சிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம். சிறை ஆஸ்பத்திரிக் குறிப்புகளைக் கேட்டு வாங்கு. மனநல டாக்டர் பார்க்க மனுப் போடு.

11. பேட்டி கொடுக்காதே. இப்போதைக்கு உனக்கு அவ்வளவு போதும்.

12. உன்னைப் பார்த்துக்கொள். ஹிடேகோ கணக்கு வேலை பார்த்துத் தம்பியின் வழக்கைத் தாங்கியவர். தொடக்கத்தில் சில வருஷம் விஸ்கி குடித்தால்தான் தூக்கம் வரும் என்ற நிலையில் இருந்து, இப்படியே போனால் தம்பியை யார் காப்பாற்றுவது என்று யோசித்து நிறுத்தியதாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு ஹமாமட்சுவில் ஒரு கட்டடத்தைத் தயார் செய்தார், தம்பி வந்தால் இருக்க. அதைத் தயார் செய்தபோது தம்பி இன்னும் தூக்குக் கைதி. நம் வக்கீல்களில் கெட்டிக்காரர்கள் நாலு வருஷத்தில் களைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சுமாரான மூளையோடு இருபது வருஷம் அதே கட்டோடு நின்று ஜெயித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை கட்டைத் தொடாதே. ராத்திரி அந்தக் கைதியின் முகம் வந்தால் எழுந்து ஒரு தாளில் மறுநாள் செய்ய வேண்டியதை எழுதிவிட்டுப் படு.

13. தோற்றால் நீயே நேரில் போய்ச் சொல். குமாஸ்தாவை அனுப்பாதே, டி.வி.யில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடாதே. தீர்ப்பு நகல் கையில் இருக்கட்டும். அடுத்து உச்ச நீதிமன்றம், சீராய்வு, குறைதீர் மனு என்று என்ன மிச்சம் இருக்கிறது என்பதை அவர் கேட்டால் மட்டும் அன்று சொல். கேட்காவிட்டால் அடுத்த வாரம் சொல். அன்றைக்கு அவர் அழட்டும்.

இன்னும் எழுதலாம். கை வலிக்கிறது. திங்கட்கிழமை நீ புழல் போவதாக உன் அப்பா சொன்னான். பார் கவுன்சில் அடையாள அட்டையை மறந்துவிடாதே. வக்காலத்தில் கைதி கையெழுத்துக்குக் கீழே சிறை அதிகாரியின் சான்றொப்பமும் முத்திரையும் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டுக் கிளம்பு. இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரியில் திருப்பிவிடுவார்கள், ஒரு வாரம் போய்விடும்.

உன் பெரியப்பா